தொழில்துறைக் கூட்டங்களில் அறிமுகமில்லாதவரிடம் பேசத் தயங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்திலோ சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலோ நடக்கும் ஒரு தொழில்துறைக் கருத்தரங்கில், காலை அமர்வு முடிந்து தேநீர் இடைவேளை விட்டவுடன் வந்திருப்பவர்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுவதைக் காணலாம். முன்பே பழகியவர்கள் மூவரும் நால்வருமாகக் கூடி உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். முதன்முறையாக வந்திருப்பவர்களோ காகிதக் கோப்பையை ஒரு கையிலும் கைபேசியை மறு கையிலும் பிடித்தபடி சுவரோரம் ஒதுங்கி நின்று, ஏற்கெனவே படித்த செய்திகளையே மறுபடியும் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேடையில் பேசப்பட்டதைப் பிறகு காணொளியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கட்டணம் செலுத்தி, ஒரு நாள் விடுப்பு எடுத்து, வெளியூரிலிருந்து பேருந்தேறி வந்தவருக்கு அந்த இடைவேளையில் யாரிடமும் பேசாமல் திரும்புவது உண்மையான இழப்பு.

இந்தத் தயக்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. எதிரில் இருப்பவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று நாம் மனத்துக்குள் போடும் கணக்கு தவறாக இருப்பது ஒன்று. புதியவர்கள் நிறைந்த இடத்தில் எங்கே போய் நிற்பது, என்ன கேட்பது, எப்படி விடைபெறுவது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தராதது மற்றொன்று. முதலாவதைத் திருத்திக்கொள்ள முடியும். இரண்டாவதைக் கற்றுக்கொள்ள முடியும்.

தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். கூட்டத்துக்குப் போகும்போது நெஞ்சு படபடப்பதும் நாக்கு உலர்வதும் பெரும்பாலானோருக்கு நேர்வதுதான். ஆனால் பிறர் தன்னைக் கவனிப்பார்கள், குறை காண்பார்கள் என்ற அச்சம் மாதக்கணக்கில் நீடித்து, வேலைக்கோ வகுப்புக்கோ கடைக்கோ போவதையே ஒருவர் தவிர்க்கத் தொடங்கினால், அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கக்கூடும். அதற்கு நல்ல பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. அத்தகையோர் கட்டுரைகளோடு நின்றுவிடாமல் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பதே சரி. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம். இனி வருபவை அன்றாடத் தயக்கம் உள்ளவர்களுக்கானவை.

அறிமுகமில்லாதவரிடம் ஏன் பேச வேண்டும் என்பதற்கு மிகத் தெளிவான விளக்கத்தைத் தந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் அண்மையில் வேலை மாறியவர்களை அவர் ஆராய்ந்து, 1973இல் முடிவுகளை வெளியிட்டார். தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 விழுக்காட்டினர், அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 விழுக்காட்டினர். காரணம் எளிமையானது. நம் நெருங்கிய நண்பர்கள் நாம் புழங்கும் இடங்களிலேயே புழங்குகிறார்கள். நமக்குத் தெரிந்ததே அவர்களுக்கும் தெரிந்திருக்கும். லேசாகப் பழகியவர் வேறொரு வட்டத்தில் வாழ்வதால், நம் காதுக்கு எட்டாத செய்தி அவரிடம் இருக்கிறது. லிங்க்ட்இன் தளத்தைப் பயன்படுத்தும் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதையே உறுதிசெய்தது. ஆனால் மிகமிக மெல்லிய தொடர்புகளைவிட ஓரளவு மெல்லிய தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன என்றும், கணினி சார்ந்த செயல்பாடு குறைவாக உள்ள தொழில்களில் நெருங்கிய தொடர்புகளே கூடுதல் பலன் தருகின்றன என்றும் அது ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. பட்டறைத் தொழிலிலோ வார்ப்படத் தொழிலிலோ இருப்பவர்கள் இந்தத் திருத்தத்தைக் கவனிக்க வேண்டும்: கை நிறைய விசிட்டிங் கார்டுகள் சேர்ப்பதைவிட இரண்டு பேரிடம் நன்றாகப் பேசி, அந்தப் பழக்கத்தைத் தொடர்ந்து பேணுவதே அவர்களுக்கு உகந்தது.

இப்போது நம் தவறான கணக்குக்கு வருவோம். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ரயிலில் வேலைக்குச் செல்லும் பயணிகளில் ஒரு சாராரைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசும்படியும், இன்னொரு சாராரைத் தனியே இருக்கும்படியும், மற்றொரு சாராரை வழக்கம்போல் பயணிக்கும்படியும் கேட்டுக்கொண்டார்கள். மூன்று சாராரிலும் பயணம் மிக இனிமையாக இருந்ததாகச் சொன்னவர்கள் பேசியவர்களே. இதே சூழலை முன்கூட்டியே கற்பனை செய்யச் சொன்னபோது மட்டும், பேசுவதுதான் மிகவும் சங்கடமாக இருக்கும் என்று மக்கள் கணித்தார்கள். பக்கத்தில் இருப்பவர் பேச விரும்பமாட்டார் என்று நாம் நினைக்கிறோம். அவரும் நம்மைப் பற்றி அதையே நினைத்துக்கொண்டு மௌனமாக இருக்கிறார். அந்நியரிடம் பேசும் வழக்கம் குறைவு என்று கருதப்படும் லண்டன் ரயில்களில் பின்னர் செய்து பார்த்தபோதும் இதே போக்கு தென்பட்டது.

கணக்கு தவறும் இன்னொரு இடம், நம்மை எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற எண்ணம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய குழுவினரும் ஒரு மாணவருக்குச் சங்கடம் தரக்கூடிய படம் அச்சிட்ட டி-ஷர்ட்டை அணிவித்து, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு. 2000ஆம் ஆண்டில் வெளியான இந்த முடிவை இடைவேளையில் தனியே நிற்பவர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: அவர் தனியே நிற்பதை அவரளவுக்கு வேறு யாரும் கவனிக்கவில்லை. பேசி முடித்த பிறகும் இந்தப் பிழை தொடர்கிறது. முதன்முறை சந்தித்துப் பேசியவர்கள், தம்மை மற்றவர் எவ்வளவு விரும்பினார் என்பதைத் தொடர்ந்து குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்று எரிகா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் காட்டினார்கள். “உளறிவிட்டோமோ” என்ற நெருடலோடு நாம் வீடு திரும்பும்போது, எதிரில் இருந்தவரும் அதே நெருடலோடு வீடு திரும்புகிறார் என்பதே பெரும்பாலும் உண்மை.

இவை எந்த நாட்டவருக்கும் பொருந்துபவை. நம்மிடையே கூடுதலாகச் சில காரணங்களும் உண்டு. பெரியவர்கள் பேசும் இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, இருபத்தைந்து வயதில் ஒரு நிறுவனத்தின் மேலாண் இயக்குநரிடம் தானாகச் சென்று பேசு என்றால் தடுமாறத்தான் செய்யும். மேலும், நம் வழக்கத்தில் அறிமுகம் என்பது மூன்றாம் மனிதர் வழியாகவே நடக்கிறது. “இவர் நம்ம மாமாவோட சிநேகிதர்” என்று ஒருவர் சொல்லி வைத்தால்தான் பேச்சு எழுகிறது. ஆங்கிலம் சரளமாக வராது என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

ஆனால் இதே மனிதர்கள் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் எந்தத் தயக்கமும் இல்லாமல் “நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?” என்று கேட்டுவிடுகிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் கேட்கப்படும் அந்தக் கேள்வி ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், நமக்குத் தேவையான பாடம் அதிலேயே கிடைத்துவிடும். இருவருக்கும் அங்கே இருக்க உரிமை உண்டு என்பதை அந்தக் கேள்வி எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொள்கிறது. பதில் எளிது, யாரையும் தாழ்த்தாது, யாரிடமும் எதையும் கேட்டு நிற்காது. பதில் வந்ததும் அடுத்த பேச்சுக்கு ஒரு நூல் கிடைத்துவிடுகிறது. தொழில்துறைக் கூட்டத்தில் “எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள்?”, “எந்தப் பிரிவில் வேலை?”, “காலை அமர்வுக்கு எதற்காக வந்தீர்கள்?” ஆகிய கேள்விகள் இதே வேலையைச் செய்கின்றன. புத்திசாலித்தனமான முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டே இடைவேளையைக் கழித்துவிடுபவர்கள் பலர். முதல் வாக்கியம் சாதாரணமாக இருப்பதே நல்லது, ஏனென்றால் அதற்குப் பதில் சொல்வதும் எளிதாக இருக்கும். ஊர் பற்றிய கேள்வி ஊரோடு நிற்க வேண்டும் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று தோண்டும் கேள்விகள் சாதியைத் தேடிச் செல்பவை. அவற்றை எதிர்கொண்டவர் அந்தக் கணமே மனத்தளவில் அங்கிருந்து விலகிவிடுகிறார், அது நியாயமும்கூட.

மொழியைப் பொறுத்தவரை, எதிரில் இருப்பவர் தமிழ் பேசுபவர் என்று தெரிந்தால் தமிழிலேயே தொடங்குவதுதான் என் பரிந்துரை. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஓசூரிலும் பெரிய வணிகங்கள் தமிழிலேயே பேசி முடிக்கப்படுகின்றன. தொழிற்சொற்கள் ஆங்கிலத்தில் வந்து விழட்டும். வாக்கியம் நம்முடையதாக இருந்தால் தடுமாற்றம் பாதியாகக் குறைந்துவிடும்.

யாரிடம் பேசுவது என்பதை முடிவுசெய்ய, மனிதர்கள் நிற்கும் விதத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். இதைக் கூர்ந்து ஆராய்ந்தவர் ஆடம் கெண்டன். சேர்ந்து நின்று பேசுபவர்கள், தங்கள் உடல்களைத் திருப்பி வைத்துக்கொள்ளும் விதத்தால் நடுவில் ஒரு பொதுவான வெளியை உருவாக்கி, அதைச் சேர்ந்தே காத்துக்கொள்கிறார்கள் என்று அவர் விளக்கினார். தேநீர் மேசையருகே நின்று இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இருவர் நேருக்கு நேராக, தோள்கள் இணையாக இருக்கும்படி, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தால், அது மூன்றாமவருக்கு இடமில்லாத பேச்சு. விலை பேசிக்கொண்டிருக்கலாம், சொந்தக் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கலாம், அங்கே நுழையக் கூடாது. அதே இருவர் பக்கவாட்டில் சற்று விலகி, இருவரின் பாதங்களும் அரங்கை நோக்கித் திரும்பியிருக்க நின்றால், அங்கே இன்னொருவருக்கு இடம் இருக்கிறது. மூவரோ நால்வரோ நிற்கும் வட்டத்தில் ஒரு பக்கம் இடைவெளி இருந்தால் அதுவும் திறந்த குழுவே. அந்த இடைவெளியில் அரையடி பின்தள்ளி நின்று, பேசுபவரை நோக்கி, கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் கண்ணைச் சந்திப்பார். லேசாகத் தலையசைத்தால் அவர் கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுவார். ஒருவர் தன் காலை நகர்த்தி இடம் விட்டார் என்றால் குழு நம்மைச் சேர்த்துக்கொண்டது என்று பொருள். யாரும் நகரவில்லை, கண்ணும் படவில்லை என்றால் இன்னொரு தேநீர் எடுக்கப் போவதுபோல் விலகிவிடலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை, ஏனென்றால் நாம் இன்னும் எதையும் கேட்கவே இல்லை.

இவற்றிலெல்லாம் எளிதான இலக்கு, நம்மைப் போலவே தனியே நிற்பவர். பதிவு மேசை வரிசையில் முன்னால் நிற்பவர், மதிய உணவுத் தட்டுடன் உட்கார இடம் தேடுபவர், அடுத்த அமர்வு தொடங்கப் பத்து நிமிடம் முன்பே வந்து அமர்ந்துவிட்டவர் ஆகியோர் பேச்சை வரவேற்பார்கள். கண்காட்சியாக இருந்தால் கடைகளில் நிற்பவர்களிடமே முதலில் தொடங்கலாம். புதியவர்கள் வந்து பேச வேண்டும் என்பதற்காகவே அவர்கள் வாடகை கொடுத்து நிற்கிறார்கள். நண்பருடன் வந்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. பால் இங்ராமும் மைக்கேல் மோரிஸும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாலைச் சந்திப்பில் கலந்துகொண்ட நிறுவன நிர்வாகிகளுக்கு மின்னணு அட்டைகளை அணிவித்து, யார் யாருடன் நிற்கிறார்கள் என்று பதிவுசெய்தார்கள். புதியவர்களைச் சந்திப்பதே நோக்கம் என்று முன்பு சொன்னவர்கள்கூட, ஏற்கெனவே தெரிந்தவர்களையே அதிகம் நாடினார்கள். உடன் வந்த நண்பரிடம், “முதல் அரைமணி நேரம் ஆளுக்கொரு பக்கம் போவோம், பிறகு சாப்பாட்டு மேசையில் சந்திப்போம்” என்று சொல்லிவிட்டுப் பிரிவது இதற்கு நல்ல மருந்து.

பேச்சு தொடங்கிய பின் அதை நடத்திச் செல்வது கேள்விகள்தாம், அதிலும் எதிரில் இருப்பவர் சொன்ன பதிலிலிருந்தே எழும் கேள்விகள். ஹார்வர்டில் கேரன் ஹுவாங்கும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய தொடர்கேள்விகளை அதிகம் கேட்டவர்களை உரையாடியவர்கள் கூடுதலாக விரும்பினார்கள் என்று கண்டார்கள். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஓசூரிலிருந்து வந்த தரப் பரிசோதனைப் பொறியாளர் ஒருவர், தனியே நிற்கும் நடுத்தர வயதுக்காரரிடம் செல்கிறார்.

“வணக்கம் சார். நான் ஓசூரிலிருந்து வந்திருக்கிறேன், வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். நீங்கள் உள்ளூரா சார்?”

“ஆமாங்க தம்பி, கணபதியில நமக்கு ஒரு ஃபவுண்டரி இருக்குதுங்க.”

கணபதி கோயம்புத்தூரின் ஒரு பகுதி. ஃபவுண்டரி என்பது உலோகத்தை உருக்கி வார்க்கும் பட்டறை. இந்த இடத்தில் “ஓ, அப்படியா சார்” என்று சொல்லி நிறுத்தினால் பேச்சு அங்கேயே உட்கார்ந்துவிடும். உடனே தன் நிறுவனத்தின் பெருமையைப் பேசத் தொடங்கினாலும் அதே கதிதான். “பம்புக்கு வார்ப்பு கொடுக்கிறீர்களா சார், இல்லை வண்டிக்கா?” என்று கேட்டால், அந்த மனிதர் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்குவார், அவர் பம்புக்கு என்று சொன்னால் காஸ்டிங்கில் ரிஜெக்‌ஷன் எதனால் வருகிறது என்று கேட்கலாம், அது கேட்பவரின் வேலைக்கும் நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி. ஐந்து நிமிடத்துக்குள் இருவரும் வார்ப்பு அச்சுக்கான மணல் கலவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், தயக்கம் எங்கே போனது என்று தெரியாது. தன்னைப் பற்றிய கவலையில் இருந்த கவனம் எதிரில் இருப்பவரின் வேலைக்கு மாறிவிட்டதே அதற்குக் காரணம்.

ஆணும் பெண்ணும் பேசத் தொடங்குவதில் தனியான கவனம் தேவை. பெண்களின் தயக்கம் பல நேரங்களில் வெறும் கணக்குப் பிழை அன்று. அனுபவத்தால் வந்த முன்னெச்சரிக்கை. ஆகவே ஆண்கள் கை நீட்டாமல் வணக்கம் சொல்லித் தொடங்குவதும், ஒரு கை தூரம் தள்ளி நிற்பதும், வேலையைப் பற்றி மட்டும் கேட்பதும், எண்ணைக் கேட்காமல் தன் அட்டையைக் கொடுத்துவிட்டு விருப்பத்தை அவரிடமே விடுவதும் முறை. புதிதாக வரும் பெண்களுக்கு, பதிவு மேசையில் இருக்கும் ஏற்பாட்டாளரிடம் “இந்தத் துறையில் இருப்பவர் யாரையாவது அறிமுகம் செய்து வையுங்கள்” என்று கேட்பது நல்ல தொடக்கம். ஏற்பாட்டாளர்கள் இதைத் தங்கள் கடமையாகவே கருத வேண்டும். ஆண்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

விடைபெறுவது தெரியாததால் பேச்சைத் தொடங்கவே அஞ்சுபவர்களும் உண்டு. மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது அவர்கள் கவலை. ஆடம் மாஸ்ட்ரோயானியும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இருவரும் விரும்பிய நேரத்தில் முடியும் உரையாடல்கள் சுமார் 2 விழுக்காடுதான் என்று தெரிவிக்கிறது. ஆகையால் சரியான நேரத்தைத் தேடி மனத்தை வருத்திக்கொள்ள வேண்டாம். பேச்சு ஒரு மூச்சு நிற்கும்போது, “நல்ல விஷயம் தெரிந்துகொண்டேன் சார், அந்த மூலைக் கடையையும் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லி வணக்கம் வைத்தால் போதும். இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்ய முயன்றால் களைப்புதான் மிஞ்சும். ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் நாள்தோறும் அறிமுகமில்லாதவர்களிடம் சென்று பேசும் விளையாட்டு ஒன்றில் கலந்துகொண்டவர்களுக்கு, புறக்கணிக்கப்படுவோம் என்ற அச்சம் நாளுக்கு நாள் குறைந்தது. விளையாட்டு முடிந்து ஒரு வாரம் ஆன பின்னும் அந்தப் பலன் நீடித்தது. ஆகவே கருத்தரங்குக்கு ஒரு வாரம் முன்பே பயிற்சியைத் தொடங்கலாம். டீக்கடைக்காரரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்பது, பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரிடம் வண்டி எப்போது என்று கேட்டு அதற்குமேல் ஒரு வாக்கியம் பேசுவது, அலுவலகத்தில் இதுவரை பேசாத பிரிவினருடன் மதிய உணவு உண்பது ஆகியவை போதுமான பயிற்சிகள். கூட்ட நாளில் மூன்று பேர் என்று இலக்கு வைத்துக்கொண்டு, மூவரிடம் பேசிவிட்டால் மனச்சான்று உறுத்தாமல் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம்.

சிலர் பேச விரும்பமாட்டார்கள் என்பதும் உண்மையே. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி, கைபேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள். ஏற்றுமதி ஆர்டர் ஒன்று தள்ளிப்போன கவலையாக இருக்கலாம், அடுத்த அமர்வில் அவரே பேச வேண்டியிருக்கலாம். நமக்குத் தெரிய வழியில்லை. “சரிங்க சார், பிறகு பார்ப்போம்” என்று நகர்ந்துவிட வேண்டியதுதான்.

பேசியவர்களின் அட்டையின் பின்புறத்தில் அன்றிரவே இரண்டு சொல் குறித்துக்கொள்ள வேண்டும்: கணபதி ஃபவுண்டரி, மணல் கலவை. மறுநாள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியில் அந்தக் குறிப்பு இடம்பெற வேண்டும்: “வணக்கம் சார், நேற்று கொடிசியாவில் மணல் கலவை பற்றிப் பேசிய ஓசூர்ப் பையன். நீங்கள் கேட்ட சோதனை அறிக்கையின் மாதிரியை இணைத்திருக்கிறேன்.” தன் நிறுவனத்தின் விளம்பரப் படத்தையும், தினமும் காலை வணக்கப் பூக்களையும் அனுப்புவது பேசிய பேச்சைக் கெடுத்துவிடும். பதில் வராவிட்டால் சில வாரங்கள் கழித்து, அவருக்குப் பயன்படக்கூடிய செய்தி ஏதேனும் கையில் இருக்கும்போது மட்டும் இன்னொரு முறை எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது முறை எழுத வேண்டாம். அடுத்த கண்காட்சியில் அவரை நேரில் பார்க்கும்போது, சென்ற முறை பேசிய அதே மணல் கலவையிலிருந்து மறுபடி தொடங்கலாம்.